பிழை பொறுக்கும் திண்ணைகள்

நெய்ச்சோற்றை ருசித்துப் பாராட்டுகிறவர்கள் பந்தியில் நூறு பேர் இருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விறகுப் புகையில் கண் எரிய நின்ற பண்டாரியை நினைப்பவர்கள் இரண்டொருவர்கூட இரார். இசைக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, பொன்னாடை ஆகியவற்றை எல்லோரும் காண்கிறோம். அந்த ஒரு மணி நேர இசைக்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் எங்கே அமர்ந்து, யாருடைய முகச்சுளிப்பைத் தாங்கி, எத்தனை முறை தவறாக வாசித்துப் பழகினார் என்பதை நாம் கேட்பதில்லை.

இப்பழக்கத்திற்கு நம் மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. தனியே இருந்து பழகுவது சாதகம். பலர் கூடிச் சரிபார்த்துக் கொள்வது ஒத்திகை. இரண்டிற்கும் கருவி வேண்டும், நேரம் வேண்டும், ஆசான் வேண்டும். இம்மூன்றையும் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். நான்காவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் இடம். வெறும் இடம் போதாது. பிழை செய்தால் விரட்டப்படாத இடம் வேண்டும். அத்தகைய இடங்களைத் தேடி ஓராண்டுக் காலத்தில் நான் மேற்கொண்ட சில பயணங்களின் பதிவே இது.

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வருவதை வாசகர்கள் அறிவர். அவ்விவாதத்திற்குள் நான் நுழையவில்லை. நான் சொல்ல வந்தது, ஒரு தொழிலில் தேர்ச்சி பெற உழைக்கும் மனிதர்களையும் அவர்களுடைய அண்டை வீட்டாரையும் பற்றியது.

களத்துமேட்டு ஜமா

சென்னைக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை நோக்கிச் சென்றால், செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுகள் பின்னே மறைந்த சிறிது நேரத்தில் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். பேரூராட்சி, தாலுகாவின் தலைமையிடம். ஆயினும் வெளியூர்ப் பயணிகளில் பெரும்பாலோர் இவ்வூரைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு அண்ணாமலையை நோக்கிப் போய்விடுவர். நான் இங்கே இறங்கியதற்குக் காரணம் தெருக்கூத்து.

முன்னாளில் வடாற்காடு, தென்னாற்காடு என்று வழங்கிய இந்நிலப்பகுதி தெருக்கூத்தின் தாயகமாகும். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கதையை இரவு முழுவதும் ஆடியும் பாடியும் நடத்தும் கலை அது. செய்யாற்றை அடுத்த புரிசை என்னும் சிற்றூர், கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையால் கடல் கடந்தும் பெயர் பெற்றது. கூத்துக் குழுவுக்கு இந்தப் பக்கத்தில் 'ஜமா' என்று பெயர். 2024ஆம் ஆண்டில் அப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. ஒலியாலும் பொருளாலும் நம்முடைய 'ஜமாஅத்'தை நினைவூட்டும் இச்சொல், கூத்தாடும் உழவர்களின் நாவில் வெகு இயல்பாகப் புழங்குவதைக் கேட்டபோது, தூரத்து உறவினரை எதிர்பாராமல் சந்தித்தது போலிருந்தது.

பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் கூத்துக்குப் பருவம். மற்ற மாதங்களில் ஜமாக்காரர்கள் ஏர் பிடிக்கவும் கட்டட வேலைக்கும் சென்றுவிடுவர். பருவம் தொடங்குமுன் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். நான் சென்றது அத்தகைய நாட்களில் ஒன்று. ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய களத்துமேடு. வேப்பமரத்தடியில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் ஆகியவற்றோடு ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தனர். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் முகவீணை ஊதிக் கொண்டிருந்தான். பெயரைக் கேட்டுத் தந்திக் கருவி என்று எண்ணிவிட வேண்டாம். நாகசுரத்தின் தம்பியைப் போன்ற சின்னஞ்சிறு ஊதுகருவி அது.

சிறுவன் மேலே ஓர் இடத்தை எட்டிப் பிடிக்க முயன்றான். குழல் கிறீச்சிட்டது. மறுபடியும் முயன்றான், மறுபடியும் கிறீச்சிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. புல்லுக்கட்டுடன் போன பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடுகள் அசைபோட்டுக் கொண்டிருந்தன. வாத்தியார் தாளத்தை நிறுத்தாமலே, "இன்னொரு தரம்" என்றார். பதினோராவது தரமோ பன்னிரண்டாவது தரமோ, அந்த இடம் வசப்பட்டது. அப்போதும் எவரும் பாராட்டவில்லை. அடுத்த அடிக்குச் சென்றுவிட்டனர்.

"வாங்க பாய், கட்டில்ல உட்காருங்க" என்று இடமளித்தார் வாத்தியார். வயது எழுபதை நெருங்கும். தேநீர் வந்தது. "இத்தனை சத்தத்திற்கு ஊரார் ஒன்றும் சொல்வதில்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"ஊரு என்ன பாய் சொல்லும்? அவங்க தாத்தனுங்களும் இந்த மேட்டுலதான் கத்துக்கிட்டாங்க. பையன் தப்பா ஊதினா, மாடு மேய்க்கிற கிழவிகூட 'சுருதி இறங்குதுடா'ன்னு சொல்லிட்டுப் போவா. பாங்கு சத்தம் கேட்டா நிறுத்திடுவோம். பிள்ளைங்களுக்குப் பரீட்சை வந்தா நாலு நாள் தள்ளி வெச்சுக்குவோம். எங்க சட்டம் அவ்வளவுதான்."

பிறகு குரல் சற்றுத் தாழ்ந்தது. மூத்த மகன் சென்னையில் இருக்கிறாராம். திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுகள் நாகசுரம் பயின்றவர். திருமணங்களுக்கு வாசித்துப் பிழைக்கிறார்.

"சான்றிதழ் வாங்கினான். கடன்பட்டு வாத்தியம் வாங்கினான். ஊதிப் பழக ஒரு இடம்தான் வாங்க முடியல. ஆறு மாசமா முகூர்த்தத்துக்குத் தவிர வாத்தியத்தைத் தொடறதில்லையாம். சீவாளி காஞ்சா நனைச்சுக்கலாம் பாய். வித்தை காஞ்சா என்னத்தைக் கொண்டு நனைக்கிறது? மெட்ராஸ் போனா ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க."

கேட்டது ஒரு தந்தை. தட்ட முடியவில்லை.

மூன்றாவது மாடி

வடபழனியில் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில், மூவர் பகிர்ந்துகொண்ட ஒற்றை அறையில் அந்த இளைஞரைக் கண்டேன். நாகசுரம் துணியுறைக்குள் பீரோவின் மேல் படுத்திருந்தது. சுவரில் இரண்டு படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை; மற்றொன்று ஷேக் சின்ன மௌலானா சாஹிப். தந்தை அனுப்பிய வேர்க்கடலைப் பையைக் கையில் கொடுத்தேன். முகம் மலர்ந்தது.

நாகசுரம் நான்கு சுவருக்குள் அடங்கும் கருவியன்று. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கும், ஊர்வலத்துக்கும், வானத்தின் கீழே ஒலிக்கவே உருவானது. நன்கு உலர்ந்த பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுவது. தஞ்சை வட்டாரத்து நரசிங்கம்பேட்டை இதற்குப் பேர்போனது. அவ்வூர் நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாணலில் செய்த சீவாளியை நனைத்துப் பொருத்தி, அடிவயிற்றிலிருந்து மூச்சைச் செலுத்தி ஊத வேண்டும். கீழே கடைவீதி வரை கேட்கும்.

"முன்பணம் கொடுத்த அன்னிக்கே வீட்டுக்காரர் சொல்லிட்டாரு பாய். உள்ள வெச்சுக்கலாம், ஊதக் கூடாதுன்னு" என்றார் இளைஞர். அதற்கு முன் நான்கு வீடுகளில் கருவியைக் கண்டதுமே இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பெயரைக் கேட்டதும் வாடகை வீட்டின் கதவு மெல்லச் சாத்தப்படும் அனுபவம் நம்மவர் பலருக்கும் உண்டு. ஆதலால் அவர் சொல்லாமல் விட்டதும் எனக்கு விளங்கியது.

அப்படியானால் எவ்வாறுதான் பழகுகிறார்? அறைத் தோழர்கள் வேலைக்குச் சென்றபின், மூச்சை விடாமல் விரல்களை மட்டும் துளைகளின்மேல் ஓட்டிப் பார்க்கிறார். ஸ்வரங்களை வாய்க்குள் முணுமுணுக்கிறார். வாரத்தில் ஒரு நாள், இருள் பிரியுமுன் கடற்கரைக்குச் சென்று படகுகளின் மறைவில் நின்று ஊதுகிறார். ஆனால் உப்புக் காற்றும் மணலும் சீவாளிக்குப் பகை. மற்றபடி முகூர்த்த மேடைதான் அவருக்குச் சாதகக் கூடம்.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை மறக்க இயலாது.

"மேடையில பழகினா பிழை எல்லாம் ஊருக்கே கேக்கும் பாய். அதனால தெரிஞ்ச நாலஞ்சு உருப்படியைத் தாண்டறதில்ல. ஒரு ராகத்தை விஸ்தாரமா எடுக்கணும்னு ஆசைதான். தவறிட்டா அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்களே."

பிழை செய்ய இடமில்லாதவன் புதிதாக ஒன்றையும் முயல மாட்டான். தெரிந்ததையே திரும்பச் செய்து, அதிலும் நாளடைவில் தேய்ந்து போவான். இடமின்மையால் சத்தம் மட்டுமா குறைகிறது? கலையே சுருங்குகிறது.

நகரத்து மறைவிடங்கள்

மறுநாள் அவரே என்னை அழைத்துச் சென்று, தம் போன்றோர் பழகும் இடங்கள் சிலவற்றைக் காட்டினார். சென்னையில் இத்தனை காலம் நடமாடியும் நான் கண்டிராத சென்னை அது.

மெல்லிசைக் குழு ஒன்று, கடை மூடிய பின் ஓர் அச்சகத்தில் கூடுகிறது. இயந்திரங்களின் இடையே நாற்காலி போட்டுப் பாடகி அமர்கிறார். காகிதக் கட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடுவதால் அந்த இடம் உகந்ததென்று சொன்னார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒத்திகை பார்க்கின்றனர். மின்ரயில் கடக்கும் இரைச்சலில் அவர்களுடைய இரைச்சல் யாருக்கும் உறைப்பதில்லை. தவில்காரர் ஒருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கருவிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டிச் சொற்கட்டுகளை உருவேற்றுகிறார். கீபோர்டு வாசிப்பவர்களுக்குக் கவலை இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் குழந்தை உறங்கலாம். கிடார் கற்கும் கல்லூரி மாணவர்களுக்கென, சுவரில் பஞ்சு பதித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறைகளும் வந்துவிட்டன. ஒரு முகூர்த்தத்தின் கூலியை நான்கு பேர் பங்கிட்டுக் கொள்ளும் நாகசுரக் குழுவுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது.

சட்டமும் தன் பங்கிற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலுமே வரம்பு. நோயாளிகளையும் குழந்தைகளையும் காக்க இது தேவையான விதிதான். எனினும், பழைய ஆசான்கள் சாதகத்திற்கு உரியதென்று வகுத்த வைகறைப் பொழுது, இவ்விதியின் கணக்கில் இரவாகிவிடுகிறது.

திரையுலகிலும் இடம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே வேளையில் கூடி, பலமுறை ஒத்திகை பார்த்து, அதன்பின் பாடலைப் பதிவு செய்வர். வயலின் வாசிப்பவர் பலர் வரிசையாக அமர்வர். புதிதாக வந்தவர் பின்வரிசையில் அமர்ந்து, மூத்தவரின் வில் போகும் போக்கைப் பார்த்தே தேறிவிடுவார். ஏ.ஆர். ரஹ்மான் 1989ஆம் ஆண்டில் கோடம்பாக்கத்திலுள்ள தம் வீட்டின் பின்புறத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 'ரோஜா'வின் இசை 1992இல் அங்கிருந்தே பிறந்தது. ஒரு கலைஞனுக்குச் சொந்த இடம் வாய்த்தால் என்ன நிகழும் என்பதற்கு அது தக்க சான்று. பின்னர் கணினி பரவிய காலத்தில், ஒவ்வொரு வாத்தியக்காரரும் தனித்தனியே வந்து தம் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுச் செல்வது வழக்கமாயிற்று. பொது இடம் கலைந்ததால் பின்வரிசை என்ற பள்ளிக்கூடமும் கலைந்தது.

இளையராஜா நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் பிரசாத் ஸ்டூடியோவிலிருந்து இசையமைத்து வந்தவர். அந்த இடம் குறித்து எழுந்த வழக்குக்குப் பின், 2021 பிப்ரவரியில் சென்னையிலேயே தமக்கெனச் சொந்தக் கூடத்தைத் திறந்தார். புகழின் உச்சியிலுள்ளவருக்கே இடம் ஒரு கவலையாக இருந்ததென்றால், மூன்றாவது மாடி இளைஞருக்குக் கேட்பானேன்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. நியூயார்க் நகரத்தில் சானி ராலின்ஸ் என்னும் சாக்சபோன் கலைஞர், நல்ல புகழோடு இருந்த வேளையில், தம் வாசிப்பில் நிறைவு கொள்ளாமல் 1959ஆம் ஆண்டில் மேடையை விட்டு விலகினார். வீட்டில் பழகலாமென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கருவுற்ற பெண்மணி இருந்தார். அவருக்குத் தொல்லை தரக் கூடாதென்று, ஆற்றின்மேல் உள்ள வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குக் கருவியை எடுத்துச் சென்றார். 1961 வரையில், குளிரென்றும் கோடையென்றும் பாராமல், நாள்தோறும் பல மணி நேரம் அங்கேயே பழகினார். மீண்டு வந்து 1962இல் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் 'பாலம்' என்றே பெயர் வைத்தார். அண்டை வீட்டாரை மதித்த ஒருவருக்கு ஒரு பாலம் திண்ணையாயிற்று!

திருவரங்கத்திலும் காசியிலும்

இளைஞரின் சுவரில் கண்ட இரண்டாவது படம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அடுத்த மாதம் திருச்சி சென்றபோது, காவிரியைக் கடந்து திருவரங்கத்துக்கும் போய் வந்தேன்.

ஷேக் சின்ன மௌலானா சாஹிப் 1924ஆம் ஆண்டில், இன்றைய ஆந்திர மாநிலத்தின் பிரகாசம் மாவட்டத்திலுள்ள கரவதி என்னும் ஊரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்து வந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்துத் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க விரும்பினார். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். 1960களில் திருவரங்கத்திலேயே குடியேறினார். 1977இல் பத்மஸ்ரீ, 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி எனப் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1999ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருடைய விருதுகளைக் காட்டிலும் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. வைணவப் பெருங்கோயிலின் மதில்கள் சூழ்ந்த ஊர் அது. வேற்று மாநிலத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் அங்கே வீடு கொண்டு, உரத்து ஒலிக்கும் ஒரு கருவியை நாள் தவறாமல் பழகியிருக்கிறது. அண்டை அயலார் அதனைத் தம் வீட்டு ஓசையாக ஏற்றிருந்தாலன்றி இது கூடுமா? தமக்குக் கிடைத்த இடத்தை அவர் தமக்கு மட்டும் வைத்துக் கொள்ளவில்லை. 1982இல் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி, அடுத்த தலைமுறைக்கும் பழக இடம் அமைத்தார். அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் அவ்வழியில் வந்தவர்கள்.

ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் தம்பதியரும் ஆந்திரத்திலிருந்து வந்து அவரிடம் பயின்று, திருவரங்கத்தையே தம் ஊராக்கிக் கொண்டவர்கள். 2020இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாகசுரத்தில் பெண்கள் அரியர். மேடையேறும் துணிவு வேண்டும் என்பர். அதற்கு முன்பே வேண்டியது, வீட்டுக்குள் ஒரு பெண் மணிக்கணக்கில் உரக்க வாசித்துப் பழகுவதைக் குடும்பமும் தெருவும் இயல்பாக எடுத்துக் கொள்ளும் நிலை. படிப்போ, தையலோ, கணினியோ, எதுவாயினும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தடுமாறித் தடுமாறிப் பழகுவதற்கு ஒரு மூலையை ஒதுக்கித் தந்திருக்கிறோமா என்று நாமும் எண்ணிப் பார்க்கலாம்.

வடக்கே காசியிலும் இத்தகையதோர் இடம் இருந்தது. ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான், கங்கைக் கரையில் பஞ்சகங்கா படித்துறையை அடுத்த பாலாஜி கோயிலில் அமர்ந்து இளமையில் சாதகம் செய்தவர். தொழுகை தவறாத ஒரு முஸ்லிம் இளைஞருக்கு ஒரு கோயில் பழகுமிடம் தந்தது. அவ்விளைஞர் 2001இல் பாரத ரத்னா ஆனார், 2006இல் மறைந்தார். அவர் நெடுங்காலம் வாழ்ந்து, வாசித்துப் பழகிய ஹட்ஹா சராய்த் தெரு வீட்டின் மாடியறையை, வணிகக் கட்டடம் எழுப்புவதற்காக இடிக்கத் தொடங்கிய செய்தி 2020 ஆகஸ்டில் பத்திரிகைகளில் வந்தது. அதிகாரிகள் தலையிட்டுப் பணியை நிறுத்தினர். சாதகம் செய்த அறைக்கு நினைவுச் சின்னத்தின் மதிப்பு உண்டென்பது, கடப்பாரை விழுந்த பிறகே பலருக்கும் தோன்றியது.

அண்டை வீட்டார் உரிமை

எங்கெல்லாம் சாதகம் செழித்ததோ அங்கெல்லாம் பொறுமையுள்ள அண்டை வீட்டார் இருந்திருக்கின்றனர். கீழ்பென்னாத்தூர்க் களத்துமேட்டிலும் திருவரங்கத்து வீதியிலும் கங்கைக் கரையிலும் நான் கண்டதும் அறிந்ததும் இதுவே. வித்தையைப் புரப்பவர் என்று செல்வந்தரைச் சொல்கிறோம். தினமும் அபசுரத்தைக் கேட்டும் கதவைச் சாத்தாதிருந்த எதிர்வீட்டுக்காரரும் புரவலர்தாம்.

அண்டை வீட்டாரின் உரிமை நமக்குப் புதிய செய்தியன்று. அவர்களைச் சொத்துக்கு வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணும் அளவிற்கு, ஜிப்ரயீல் (அலை) அவர்கள் அது குறித்து வலியுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நம் பிள்ளைகளும் அறிவர். இவ்வுரிமை இருபுறமும் செல்வது. நோயாளி உறங்கும் வேளையில், பிள்ளைகள் படிக்கும் வேளையில், தொழுகை நடக்கும் வேளையில் ஓசை எழுப்பாதிருப்பது வாசிப்பவரின் கடமை. பிழையோடு பழகும் ஒருவரின் பகற்பொழுது ஒரு மணி நேரத்தைப் பொறுத்துக் கொள்வது கேட்பவரின் பெருந்தன்மை. கூத்து வாத்தியார் சொன்ன 'சட்டம்' இவ்விரண்டையும் நான்கு வாக்கியங்களில் அடக்கிவிட்டது. நகரத்தில் நாம் தொலைத்தது அந்த நான்கு வாக்கியங்களைத்தான்.

பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள்

இடமே இல்லையா என்றால், இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் நடைபெறுவதில்லை. நோன்பு மாதத்தில் நம்முடைய ஷாதி மஹால்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கின்றன. பள்ளிக்கூட வகுப்பறைகள் மாலை ஐந்துக்கு மேல் காலி. ஊராட்சிகளின் சமுதாயக் கூடங்கள் வாரத்தில் பல நாள் வெறுமையாய்க் கிடக்கின்றன. வாத்தியக்காரருக்கு வேலையில்லாத நாட்களும் மண்டபங்களுக்கு வாடகையில்லாத நாட்களும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டையும் முடிச்சுப் போட ஒருவர்தான் தேவை.

வடபழனி இளைஞருக்காக, எனக்குப் பழக்கமான ஒரு மண்டபத்தின் மேலாளரிடம் பேசினேன். முதலில் தயங்கினார். கூடத்தைத் தர விதியில்லை என்றார். பிறகு பின்கட்டிலுள்ள சமையற் கொட்டகையைக் காட்டினார். விருந்தில்லாத நாட்களில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. லுஹர் பாங்குக்கு முன் கருவியை உறையிலிட்டுவிட வேண்டும். எதிர்வீட்டுப் பாட்டியம்மாவுக்கு உடல்நலமில்லாத நாளில் வரக் கூடாது. இவை நிபந்தனைகள். இளைஞர் மூன்றையும் ஏற்றார். வாடகை கேட்கப்படவில்லை. கொட்டகையைப் பெருக்கி வைப்பது மட்டும் அவர் பொறுப்பு.

சில வாரங்கள் கழித்து வாத்தியாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். "தப்புத் தப்பா ஊதறானா பாய்?" என்பதுதான் அவர் கேட்ட முதற்கேள்வி. தோடியை விரித்து வாசிக்க முயல்வதாகவும், நிரம்பவே தவறுவதாகவும் சொன்னேன். மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "அப்பச் சரி. இனிமே வந்துடும்" என்றார்.

வாசக நேயர்களே! உங்கள் தெருவிலும் பழக இடமின்றித் தவிக்கும் ஒருவர் இருக்கலாம். அவர் நாகசுரக்காரராக இருக்க வேண்டுமென்பதில்லை. பைத்து ஓதிப் பழகும் சிறுவர் குழுவாக இருக்கலாம். பேச்சுப் போட்டிக்கு உரத்துப் படிக்கும் மாணவியாக இருக்கலாம். சிலம்பம் சுழற்றக் களம் தேடும் பையனாக இருக்கலாம். உங்கள் மொட்டைமாடியோ, கடையின் பின்கட்டோ, நிர்வாகத்தில் நீங்கள் இருக்கும் மண்டபமோ ஒரு மணி நேரம் சும்மா இருந்தால், சாவியைக் கொடுத்துப் பாருங்கள். நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளுங்கள். முதல் சில மாதங்கள் காதுக்கு இனிமையாக இரா. அந்த மாதங்களைப் பொறுப்பதுதான் நீங்கள் செய்யும் உதவி.